மோட்டார் ஓடும்போது கேட்ட பாட்டு

மோட்டார் ஓடுகிற நேரத்தில் எங்கள் வீட்டில் டேப் போடக் கூடாது. யாரும் சொல்லி வைத்த சட்டமில்லை. ஆனாலும் நாங்கள் மூன்று பேரும் இதை மீறுவதில்லை. தோட்டத்தில் மோட்டாரைப் போடப் போகும்போது என் மனைவி ஜன்னலில் எட்டிப் பார்த்து, "டேப்பு ஓடுதாங்க?" என்று கேட்பாள். ஓடவில்லை என்று தெரிந்த பிறகுதான் நகருவாள். கேட்கும்போது சிரித்துக்கொண்டே கேட்பாள். என்னால் இன்னும் சிரிக்க முடியவில்லை.

எல்லாம் போன கோடை விடுமுறையில் தொடங்கியது. என் மகன் அப்போது பெங்களூர்ப் பக்கத்தில் ஒரு குருமடத்தில் சாமியாருக்குப் படித்துக்கொண்டிருந்தான். பத்தாவது முடித்த கையோடு போனவன். விடுமுறைக்கு வந்து பஸ்ஸை விட்டு இறங்கினால், தெருவே "சின்னச் சாமியார் வந்துட்டாரு" என்று சொல்லும். என்னைவிட மூத்தவர்கள் எழுந்து நின்று அவனுக்குத் தோத்திரம் சொல்வார்கள். அவன் அம்மாகூட வெளியில் நாலு பேர் இருக்கும்போது அவனை வாடா போடா என்று கூப்பிட மாட்டாள். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகு, "ஏன்டா இப்படி எளச்சிப் போயிட்ட, அங்க சோறு போடறாங்களா இல்ல செபம் மட்டுந்தானா?" என்பாள்.

அவன் குருமடத்துக்குப் போனது நான் பஸ்ஸில் வாய்விட்டுச் சொன்ன ஒரு வார்த்தையால். கைக்குழந்தையாக இருந்தபோது அவனுக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தது. தர்மபுரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். வழியில் பஸ் டயர் வெடித்து நின்றுவிட்டது. என் மடியில் அவன் விறைத்துக்கொண்டு, கண் மேலே செருகி, உதடு நீலமாகிக்கொண்டிருந்தான். நான் அந்த பஸ்ஸுக்குள்ளேயே, "ஆண்டவரே, இவனைப் பிழைக்க வையும், உமக்கே தந்துடறேன்" என்று கத்தினேன். கொஞ்ச நேரத்தில் அவன் அழுதான். ஆஸ்பத்திரியில், காய்ச்சலில் பிள்ளைகளுக்கு இப்படி வருவதும் தானே அடங்குவதும் உண்டு என்றார்கள். நான் அறிவியல் வாத்தியார், எனக்கு அது புரியாமல் இல்லை. ஆனால் நான் கத்தியதை எங்கள் ஊர்க்காரர்கள் பஸ்ஸில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதைவிட முக்கியம், நானே கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து அவன் தும்மினாலும் எனக்கு உள்ளே ஏதோ நடுங்கும். கொடுக்க வேண்டியதை இன்னும் கொடுக்கவில்லை, அதற்குள் எடுத்துக்கொள்ளப்பட்டால் என்ன செய்வது என்று. அவன் குருமடத்து வாசலில் பெட்டியோடு இறங்கிய நாளன்றுதான் நான் முழுத் தூக்கம் தூங்கினேன்.

அந்தக் கோடையில் அவன் பெட்டியில் ஒரு கேசட் வந்தது.

துணிகளை எடுத்து உதறும்போது அவன் அம்மாதான் முதலில் பார்த்தாள். அட்டையில் நாலு ஆண்கள். நடுவில் நின்றவன் கண்ணுக்கு மை தீட்டி, உதட்டுக்குச் சாயம் பூசி, பளபளவென்று பட்டுச் சட்டை போட்டிருந்தான். கன்னத்தில் ஏதோ ஜிகினா.

"யாருடா இவங்க, அரிதாரம் பூசிக்கிட்டு? எந்த ஊரு ஜமா?" என்றாள். கூத்துக் கட்டுகிற குழுவை எங்கள் பக்கம் ஜமா என்போம். எங்கள் ஊரில் ஓர் ஆண் முகத்தில் மை தீட்டி நின்றால் அவன் கூத்துக்காரன் என்பதைத் தவிர வேறு நினைக்க வழியில்லை.

"லண்டன் ஜமாம்மா."

"ஒதட்டுக்கெல்லாம் சாயம் பூசியிருக்கானே. ஆம்பளதானே?"

"மாமா அவரு கல்யாணத்துல பூசுனதவிடக் கம்மிதாம்மா."

தன் தம்பியைக் கேலி செய்ததற்காக அவள் அவன் முதுகில் ஒன்று வைத்தாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் கேசட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"இவங்க பெரிய ஆளுங்களா?"

"இருந்தாங்கப்பா. முதல் ரெண்டு ஆல்பம் வந்தப்ப பெரிய பேரு. கிதார் வாசிச்சவருதான் எல்லாத்துக்கும் காரணம்னு சொல்லுவாங்க. அப்புறம் அவரு சண்டை போட்டுக்கிட்டுப் போயிட்டாரு. இது அவரு போன பின்னாடி வந்தது."

"அப்படின்னா நல்லா இருக்காதே?"

"பத்திரிகையில எல்லாம் அப்படித்தான் எழுதினாங்களாம். கதை முடிஞ்சிதுன்னு. பாடறவரே கிதாரையும் எடுத்துக்கிட்டாரு. முன்ன மாதிரி வித்தையெல்லாம் இருக்காது. சும்மா நேரா வாசிப்பாரு. எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு. என்னாலயே வாசிக்க முடியும்."

"எங்க வாங்குன?"

"வாங்கலப்பா. குடுத்தான்." வகுப்பில் கூடப் படித்த மங்களூர்ப் பையன் ஒருவன் கொடுத்ததாம். குருமடத்துக் கோயிலில் கிதார் வாசித்தவன் அவன்தானாம். என் மகனுக்கும் அவன்தான் சொல்லிக் கொடுத்தானாம். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் முடிவதற்குள் அவன் குருமடத்தை விட்டுப் போய்விட்டான். போகும்போது இதைக் கொடுத்துவிட்டுப் போனான்.

"ஏன் போனான்?"

"போகணும்னு தோணிச்சாம்."

"தோணுனா போயிடலாமா?"

மகன் கேசட்டை என் கையிலிருந்து வாங்கி, அதன் பல்லுக்குள் சுண்டுவிரலை விட்டு நாடாவை மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தான். அந்த விரலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்கு அந்த நிமிஷத்திலிருந்து இருப்புக் கொள்ளவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு டேப்ரிக்கார்டர் உண்டு. தக்காளி நல்ல விலைக்குப் போன வருஷத்தில் என் மனைவி பாலக்கோட்டில் வாங்கியது. மகன் அதில் பேட்டரிச் செல்லைப் போட்டு, வெயில் தாழ்ந்ததும் தோட்டத்துக் கடைசியில் இருக்கும் புங்க மரத்தடிக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவான். வீட்டில் போடமாட்டான். தூரத்திலிருந்து ஏதோ கிணுகிணுவென்று கேட்கும். நான் வரப்பில் நடப்பதுபோலப் போவேன். பக்கத்தில் போனால் சத்தத்தைக் குறைப்பான். மரியாதைக்காகத்தான் குறைத்தான் என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு அது மறைப்பதாகப் பட்டது.

அந்த வருஷம் எங்கள் பகுதியில் நடந்த தியானக் கூட்டம் ஒன்றில், வெளிநாட்டுப் பாட்டுகளுக்குள் பிசாசின் குரலை ஒளித்து வைக்கிறார்கள் என்று ஒருவர் பேசியிருந்தார். அன்றைக்கு நான் பக்கத்தில் இருந்தவரிடம், ஒளித்து வைத்தால் எப்படிக் கேட்கும் என்று கேலி பேசினேன். இப்போது அது திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது. பையன் செபத்துக்கு உட்கார்ந்தாலும் கால் கட்டைவிரல் தாளம் போட்டது. பூசை நேரத்தில் பீடத்தைப் பார்க்காமல் ஓரத்தில் பாடுகிறவர்களையே பார்த்தான். ஜூனில் திரும்பிப் போக வேண்டும். பெட்டியை அவன் தொடவே இல்லை. நான் அடிக்கடி பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டு வருவேன்.

ஒரு மத்தியானம் மகன் கோயிலில் சிறுபிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கப் போயிருந்தான். மனைவி தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தாள். கேசட் அலமாரியில் இருந்தது. செல்லை வீணாக்க வேண்டாம் என்று ஒயரை எடுத்துக் கரண்டில் சொருகி, கேசட்டைப் போட்டேன். அப்படி என்னதான் இருக்கிறது என்று ஒருமுறை கேட்டுவிட வேண்டும்.

முதலில் ஒரு முரசு. யாரோ களைத்துப்போய் நெல் மூட்டையை ஒவ்வொன்றாகக் கீழே போடுவதுபோல. பிறகு கிதார் என்று அவன் சொன்னது வந்தது. கம்பியைத் தட்டுவதாகத் தெரியவில்லை, இழுத்துப் பிய்ப்பதாகத் தெரிந்தது. அதற்கு மேல் குரல் வந்தது. என் கை தானாக நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டது. மனிதக் குரல்தான், ஆனால் கிணற்றின் அடியிலிருந்து வருகிற குரல். ஒவ்வொரு வார்த்தையையும் வாய்க்குள் போட்டு அரைத்து, விட மனமில்லாமல் விட்டது. இங்கிலீஷ் எனக்குப் படிக்க வரும், காதால் பிடிக்க வராது. இதில் பிடிப்பதற்கே எதுவும் இல்லை. வெறும் உறுமல். அந்த மை தீட்டிய முகத்தையும் இந்தக் குரலையும் சேர்த்துப் பார்த்தபோது வியர்த்துவிட்டது. என் பிள்ளை மரத்தடியில் உட்கார்ந்து இதையா கேட்கிறான், இதைக் கேட்டா சிரிக்கிறான்?

நிறுத்திவிட்டு வாசலுக்குப் போனேன். உபதேசியார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். எங்கள் ஊர் கிளைப்பங்கு. பங்குச்சாமியார் பெரிய கோயிலில் இருப்பார், ஞாயிற்றுக்கிழமை வந்து பூசை வைப்பார். மற்ற நாளில் கோயிலைப் பார்த்துக்கொள்பவர், செபம் சொல்பவர், சண்டை தீர்ப்பவர் எல்லாம் இந்த உபதேசியார்தான். கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு வந்து, மறுபடி போட்டேன்.

அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து கேட்டார். முகம் மெல்ல மாறியது.

"வாத்தியாரே, இது பாட்டுங்களா?"

"பாட்டுன்னுதாங்க சொல்றான்."

"பாடறவனுக்கு ஒடம்பு சரியில்லீங்களா?"

"அதாங்க தெரியல."

"எனக்கென்னமோ இது ஆள் மாதிரி இல்லீங்க." அவர் சட்டைப் பையிலிருந்து செபமாலையை எடுத்தார். "சின்னச் சாமியாருக்கு யாரோ செஞ்சி வெச்சிருக்காங்க. கோயில்ல தீர்த்தம் இருக்குது. மொதல்ல இந்தப் பெட்டி மேல தெளிப்போம்."

"பெட்டியில தண்ணி தெளிச்சா ஷாக் அடிக்கும், உபதேசியாரே" என்று என் மனைவி வாசலிலிருந்து சொன்னாள். மண்வெட்டியைச் சாத்தி வைத்துவிட்டுச் சேற்றுக் காலோடு நின்றுகொண்டிருந்தாள். "என்னா இது, எருமை கத்தற மாதிரி? இதுக்கா அவன் செல்லு செல்லா வாங்கறான்?"

அவளுக்குப் பின்னாலேயே மகன் வந்து நின்றான்.

உபதேசியார் எழுந்து நின்றுவிட்டார். நான் டேப்பை நிறுத்தக் கை நீட்டினேன், நிறுத்தவில்லை. அவனே கேட்கட்டும், கேட்டுவிட்டுப் பதில் சொல்லட்டும் என்று இருந்தேன். அவன் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு கேட்டான். தெரியாத ஒன்றைக் கேட்பவன் போலக் கேட்டான்.

"என்னாப்பா போட்டிருக்கீங்க?"

"உன் கேசட்தான்."

"இது அது இல்லப்பா."

அப்போது தோட்டத்தில் மோட்டார் நின்றது. எங்களுடையது மட்டுமல்ல, சுற்றுவட்டாரத்தில் எல்லா மோட்டாரும் நின்றன. விவசாயத்துக்கு விடுகிற த்ரீ பேஸ் கரண்டை அந்த நேரத்தில் எடுத்துவிடுவார்கள். இத்தனை மோட்டாரும் ஓடும்போது வீட்டுக்கு வருகிற கரண்ட் நோஞ்சானாகிவிடும். பல்பு சிவந்து கிடக்கும், மின்விசிறியின் இறக்கையை எண்ணலாம். அவை நின்றால் மின்விசிறி விர்ரென்று சுற்றும்.

அன்றைக்கு மின்விசிறி சுற்றியது. அதோடு அந்தக் குரலும் எழுந்தது.

நான் அதுவரை அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. கிணற்றடியில் உறுமிக்கொண்டிருந்தது, எங்கள் காதுக்கு முன்னாலேயே, ஒரே வார்த்தையின் நடுவில், படியேறி மேலே வந்தது. உறுமல் குரலாகி, குரல் இளைத்து, தெளிந்து, கடைசியில் ஒரு வாலிபனாக நின்றது. இருபது இருபத்தைந்து வயசுப் பையனின் மெல்லிய, கொஞ்சம் மூக்கில் பாடுகிற குரல். கிதார் மழை பெய்கிற தகரக் கூரை மாதிரி அதைச் சுற்றி விழுந்துகொண்டிருந்தது. நெல் மூட்டை போட்ட முரசு துள்ளிக் குதித்தது. யாரோ கை தட்டினார்கள்.

உபதேசியார் செபமாலையைப் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு தொண்டையைக் கனைத்துவிட்டு, "நல்லாத்தான் பாடறான்" என்றார். "கைதட்டல்கூட இருக்குதுங்க. திருவிழாவுல போடலாம் போல."

மகன் சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். உபதேசியாரும் சிரித்தார். அவருக்குக் காபி வந்தது. காபி குடித்தபடி அட்டையைப் பார்த்து, மை தீட்டியவன் யார், மற்றவர்கள் யார் என்றெல்லாம் விசாரித்துவிட்டுப் போனார்.

நானும் சிரித்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். வோல்டேஜ் குறைந்தால் மோட்டார், டேப்புக்குள் இருக்கிற குட்டி மோட்டார்கூட, மெதுவாகச் சுற்றும் என்று எட்டாம் வகுப்புக்கு நடத்துகிறவன் நான். ஆனால் எனக்கு நிம்மதி வரவில்லை, பயம் அதிகமாயிற்று. பிசாசாக இருந்திருந்தால் விரட்டியிருக்கலாம். தீர்த்தம் தெளித்து, கேசட்டைக் கொளுத்தி, பிள்ளையைக் காப்பாற்றியிருக்கலாம். இது சந்தோஷமாகப் பாடுகிற ஒரு பையன். இதற்கு எதைத் தெளிப்பது? என் மகன் அதற்குச் சரியாகத் தலையை ஆட்டிக்கொண்டு நின்றான். குருமடத்து அங்கியில் அவனை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

"ஜூன்ல போவியா, மாட்டியா?" என்று கேட்டேன்.

சிரிப்பு நின்றது. "இப்ப எதுக்குப்பா அது?"

"இப்பத்தான். சொல்லு."

"தெரியலப்பா."

"தெரியலன்னா என்னா அர்த்தம்? உன்ன நான் யாருக்குக் குடுத்திருக்கேன்னு தெரியுமில்ல?"

"தெரியும். ஊருக்கே தெரியும்." அவன் குரலை உயர்த்தவில்லை. "எனக்குத்தான் அப்பப் பேச்சு வரலப்பா."

"இந்தக் கருமத்தைக் கொண்டுபோய்க் கிணத்துல போடு" என்றேன். "போட்டுட்டு சாமியார்கிட்டப் போயிப் பாவத்தச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணு. அதுவரைக்கும் என் மூஞ்சியில முழிக்காத."

செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். எங்கே போனேன் என்று சொல்லத் தெரியவில்லை. நடந்துகொண்டே இருந்தேன். வீட்டுக்குத் திரும்பியபோது அவன் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தான். நானும் போய்ப் படுத்துக்கொண்டேன்.

காலையில் எழுந்தபோது அவன் பாய் சுருட்டி வைத்திருந்தது. கேசட்டும் இல்லை.

அவன் அம்மா பால் கறந்துகொண்டிருந்தாள். "அவன் எங்க?" என்றேன். "தோட்டத்துப் பக்கம் போயிருப்பான்" என்றாள். தோட்டத்துக்குப் போனேன். புங்க மரத்தடியில் இல்லை. கிணற்று மேட்டில் அவன் செருப்புத் தடம் இருந்தது. வெறும் தடம். ஈர மண்ணில் கிணறுவரைக்கும் போயிருந்தது. திரும்பி வந்த தடம் என் கண்ணில் படவில்லை. அந்த மண்ணில் என் மனைவியின் தடமும் மாட்டின் தடமும் குழம்பிக் கிடந்தன, அதையெல்லாம் நிதானமாகப் பார்க்கிற நிலையில் நான் இல்லை.

கிணற்றின் விளிம்பில் குனிந்து நின்றேன். எங்கள் கிணறு ஆழம். தண்ணீர் கறுப்பாக அசையாமல் கிடந்தது. பாறை விளிம்பில் ஒரு புறா உட்கார்ந்திருந்தது. நான் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கிணறு அதைத் திருப்பிச் சொன்னது. மெதுவாக, தடித்து, உறுமலாக. முந்தின நாள் மத்தியானம் கேட்ட அதே குரல். என் குரல்தான் அது.

"கிணத்துல என்னா பாக்கறீங்க?"

மனைவி பின்னால் நின்றாள். நான் திரும்பிப் பார்த்தேன். என் முகத்தில் என்ன பார்த்தாளோ, பால் சொம்பைக் கீழே வைத்துவிட்டு அவளும் வந்து எட்டிப் பார்த்தாள். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். புறா பறந்து போனது. அவள்தான் முதலில் நிமிர்ந்தாள்.

"சீ, எம்புள்ள அப்படியெல்லாம் பண்ண மாட்டான்" என்றாள். ஆனால் என் சட்டையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். "போயித் தேடுங்க. நிக்காதீங்க."

சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலக்கோட்டுக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டில் பெங்களூர் பஸ், சேலம் பஸ், எல்லாவற்றிலும் ஏறி முகம் முகமாகப் பார்த்தேன். ஒரு கண்டக்டர், "எந்த ஊருங்க போகணும்?" என்றார். இறங்கிவிட்டேன். தக்காளி மண்டியில் எங்கள் ஊர் டிராக்டர் நின்றது. கூடை இறக்கிக்கொண்டிருந்தவர்களிடம் கேட்டேன். "சின்னச் சாமியாரா? இங்க எதுக்குங்க வர்றாரு?" என்று சிரித்தார்கள். நானும் சிரிக்கிற மாதிரி செய்துவிட்டு வெளியே வந்து, சாக்கடை ஓரமாக நின்று வாந்தி எடுத்தேன். ஆண்டவரே, எடுத்துக்கொள்ளாதேயும் என்று சொல்ல வாய் வந்தது. அதற்கு மேல் பேரம் பேச என்னிடம் எதுவும் இல்லை. இருந்த ஒன்றைத்தான் முதலிலேயே கொடுத்துவிட்டேனே.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் பெரிய கோயில் இருக்கிறது. சாமியாரிடம் சொல்லி நாலு பேரை அனுப்பித் தேடச் சொல்லலாம் என்று உள்ளே திரும்பினேன். அப்போதுகூட எனக்குத் தோன்றவில்லை.

சாமியார் வீட்டு முற்றத்தில் என் மகன் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அவனைப் பார்த்ததும் சைக்கிளோடு விழுந்தேன். அவன் எச்சில் கையோடு ஓடி வந்து தூக்கினான். "என்னாப்பா, என்னாச்சிப்பா?" நான் அவன் தோளை, கழுத்தை, தலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஈரமில்லை.

"நீங்கதானேப்பா போகச் சொன்னீங்க" என்றான். "சாமியார்கிட்டப் போன்னு."

அவன் அதிகாலையில் நடந்தே வந்திருக்கிறான். வழியில் கிணற்று மேட்டில் நின்று கேசட்டைப் போடலாமா என்று யோசித்தானாம். மனசு வராமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டான். அது இன்னும் அவன் பையில்தான் இருந்தது.

பங்குச்சாமியார் எனக்குத் தண்ணீர் கொடுத்து, விசிறியை எடுத்து விசிறினார். என்னைவிட இளையவர். அவரிடம் என் மகன் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தான். "இப்ப நீங்க சொல்லுங்க" என்றார். நான் பஸ்ஸில் கத்தியதிலிருந்து கிணற்றில் கூப்பிட்டதுவரை சொன்னேன். கிணறு என்றதும் மகன் தலையைக் குனிந்துகொண்டான்.

சாமியார் விசிறியைக் கீழே வைத்தார்.

"வாத்தியாரே, நேர்ச்சையை யாரு நேர்ந்தது?"

"நான்தாங்க சாமி."

"அப்ப அது உங்களத்தானுங்க கட்டும். அடுத்தவங்க ஆயுச நாம நேர்ந்துக்க முடியாது. அது பெத்த புள்ளையா இருந்தாலும் சரி. திருச்சபைச் சட்டமே அப்படித்தான். உங்களுக்கு இத யாரும் சொல்லலையா?"

"இல்லீங்க சாமி." யாரும் சொல்லாமல் என்ன, நான்தான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்காமலே எல்லோருக்கும் தெரிந்த விஷயமாக அது இருந்தது.

"நேர்ச்சைப்படி ஒரு ஆள் வரணும்னா நீங்க வாங்க. பிஷப்கிட்டச் சொல்லி இடம் கேக்கறேன். உங்க வூட்டம்மா சம்மதிக்கணும்."

"அம்மா உடனே அனுப்பிடுவாங்க சாமி" என்றான் மகன். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

பிறகு அவன் என்னைப் பார்த்துச் சொன்னான். "அந்த மங்களூர்க்காரன் போனப்பவே நானும் வந்திருப்பேன்ப்பா. இந்தக் கேசட்டக் கேட்டுத்தான் இருந்தேன். முக்கியமான ஆளு போயிட்டாலும் மிச்சம் இருக்கறவங்க விடாம வாசிக்கறாங்களே, நாமளும் இருந்து பாப்போம்னு. இருந்து பாத்தேன். கோயில்ல அவன் வாசிச்ச இடத்துல என்ன வாசிக்கச் சொன்னாங்க. அந்தக் கொஞ்ச நேரம் மட்டும்தான் நான் அங்க இருந்த மாதிரி இருந்துச்சு. மத்த நேரமெல்லாம் நீங்க இருந்தீங்கப்பா. எனக்குப் பதிலா நீங்கதான் முட்டி போட்டுட்டு இருந்தீங்க."

சாமியார்தான் பேச்சை மாற்றினார். சும்மா போனால் எனக்கு மனசு ஆறாது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"உங்க நேர்ச்சைக்குப் பதிலா ஒண்ணு செய்யுங்க. உங்க ஊரு கோயில்ல மைக்கு போட்டா நான் பேசறது எனக்கே பயமா இருக்குது. மோட்டார் ஓடற நேரத்துல பிரசங்கம் வெச்சா கொரலே மாறிப்போவுது. ஒரு ஸ்டெபிலைசர் வாங்கி வைங்க."

மகன் ஜூனில் போகவில்லை. குருமடத்துக்கு அவனும் நானும் சேர்ந்து போய்ச் சொல்லிவிட்டு வந்தோம். பெரியவர் ஒருவர் அவன் தலையில் கை வைத்து, நல்லா இரு என்றார். அவ்வளவுதான். நான் எதிர்பார்த்துப் போன இடி விழவில்லை. திரும்பும்போது பெங்களூரில் ஸ்டெபிலைசர் வாங்கினோம். பஸ்ஸில் அதை என் மடியில் வைத்துக்கொண்டேன். மகன், "குடுங்கப்பா, நான் வெச்சிக்கறேன்" என்றான். நான் கொடுக்கவில்லை. பழைய பஸ்ஸில் இதே மடியில் அவன் விறைத்துக் கிடந்தது ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. இரும்புப் பெட்டி கனத்தது. வழி நெடுகப் பக்கத்தில் அவன் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வந்தான். அன்றைக்கு மோட்டார் நின்றதும் தெளிந்து வந்த பாட்டு என்று எனக்குத் தெரிந்தது.

ஊரில் இப்போது அவனைச் சின்னச் சாமியார் என்று கூப்பிடுவதில்லை. வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் சிலர் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள். கடத்தூரிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர், "குடுத்தத திருப்பி வாங்கிட்டீங்களாமே" என்றார். என் மனைவி அவருக்குச் சோறு போட்டுக்கொண்டே, "ஆமாங்க, ரசீது பத்திரமா வெச்சிருந்தோம்" என்றாள். மகன் கரஸ்பாண்டன்ஸில் பி.ஏ. சேர்ந்திருக்கிறான். காலையில் அவன் அம்மாவோடு தக்காளி பறிக்கிறான். அவன் கூட்டாளி மங்களூரிலிருந்து ஒரு பழைய கிதாரைப் பஸ்ஸில் போட்டு அனுப்பினான்.

நான் சரியாகிவிட்டேன் என்று சொல்ல முடியாது. சாமியார் சொன்ன சட்டம் எனக்குப் புரிகிறது, உடம்புக்குப் புரியவில்லை. போன மழைக்கு அவனுக்குக் காய்ச்சல் வந்தபோது, விடிகிறவரை அவன் உதட்டின் நிறத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "போயிப் படுங்கப்பா, மாத்திர போட்டாச்சு" என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். கிணற்றுப் பக்கம் நான் இப்போது தனியாகப் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டெபிலைசர் பாட்டுப் பாடுகிறவர்களுக்குப் பக்கத்தில், ஒரு முக்காலியின் மேல் இருக்கிறது. கரண்ட் ஏறி இறங்கும்போதெல்லாம் அதற்குள் டக் என்று ஒரு சத்தம் வரும். சாமியார் அப்பத்தை உயர்த்துகிற நேரமாகப் பார்த்துத்தான் பெரும்பாலும் வரும். ஒவ்வொரு தடவையும் நான் திடுக்கிட்டு முதலில் பீடத்தைப் பார்ப்பேன். அங்கேதான் அவன் ஒரு நாள் சாமியாராக நிற்பான் என்று இத்தனை வருஷம் பார்த்துப் பழகிய இடம் அது. அங்கே அவன் இருக்கமாட்டான். பிறகு கண்ணை ஓரத்துக்குத் திருப்பித் தேடுவேன். அவன் கிதாரோடு நின்றுகொண்டு, நான் தேடுவேன் என்று தெரிந்து, என்னையே பார்த்துக்கொண்டிருப்பான். இங்கதான் இருக்கேன்ப்பா என்பதுபோல ஒருமுறை தலையை ஆட்டிவிட்டு, அடுத்த பாட்டுக்குக் கம்பியில் கை வைப்பான்.